டிகாஷனில் நனைத்த வெள்ளை

லீட்ஸ்
22 பிப்ரவரி 1948

வின்னிக்கு,

நான் நலம். நீயும் பெரிலும் நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். பெற்ற மகள் எனக்குக் கடிதம் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. கல்யாணப் பெண்ணுக்கு அம்மாவின் விலாசம் மறந்துவிட்டதோ என்னவோ.

இங்கே அறை முழுக்க ஈரம். வீட்டுக்காரி முட்டைப் பொடியைக் கரைத்துச் சுட்டு, அதற்கு ஆம்லெட் என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கள் பாலே நடனம் பார்க்க வரும் பெண்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. போன வருஷம் முழங்கால் தெரிய நின்றவர்கள் இந்த வருஷம் பாரிஸ் பாணி என்று கணுக்கால்வரை பாவாடையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே அடுக்கடுக்காக வலைத்துணி வேறு. இவர்களுக்கெல்லாம் துணி ரேஷன் கூப்பன் வானத்திலிருந்து விழுகிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜர் ஹார்பின் தந்தி கொடுத்திருக்கிறார். ஈஸ்டருக்குப் பிறகு வரும் புது பாலேவுக்காக நாம் தேயிலை டிகாஷனில் நனைத்துக் காயவைத்துச் சுருட்டி வைத்தோமே, அந்த வலைத்துணிச் சுருளை அலமாரியில் காணோமாம். அதற்காக அவர் எந்த அதிகாரியின் காலில் எல்லாம் விழுந்தார் என்பது உனக்குத் தெரியும்.

நான் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறேன். லண்டன் தையற்கூடத்தில் இருப்பவள் நீ. அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என் கழுத்தில், இன்னொன்று உன் இடுப்பில். நான் யாரையும் குறை சொல்லவில்லை. சாவி இரண்டு, ஆள் இரண்டு, அவ்வளவுதான்.

நன்றாகத் தேடிப் பார்.

உன் அண்ணி
மியூரியல்

*

கேம்டன் டவுன், லண்டன்
25 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

"சாவி இரண்டு, ஆள் இரண்டு." இதைப் படித்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். வாரம் முழுக்க வரவேண்டிய பால்.

ஹார்பின் திங்கட்கிழமை தையற்கூடத்துக்குள் வந்து நின்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும். "என்ன வின்னி, அலமாரிக்குக் காலு முளைச்சிருச்சா, இல்ல துணிக்கா?" என்றார். "எனக்குத் தெரியாது சார்" என்றேன். "தெரியாதுன்னு சொல்றதுக்கா சாவி குடுத்து வெச்சிருக்கேன்? பாவாடை மேடையில நிக்கணும். நிக்கலைன்னா போலீஸ் வந்து நிக்கும்." அத்தனை பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். இருபது வருஷமாக நான் வேலை செய்யும் இடம், அண்ணி.

நானும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் புறப்பட்ட அன்று பெட்டியெல்லாம் கட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி உள்ளே போய் அலமாரியைத் திறந்தீர்கள். ரிப்பன் எடுக்க என்றீர்கள். ரிப்பன் மேஜைமேல்தானே இருந்தது? லீட்ஸ் பெண்கள் பாவாடைக்குள் அடுக்க வலைத்துணிக்கு அலைகிறார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். எனக்கு ஏதோ தோன்றியது, எழுதிவிட்டேன்.

பெரில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. அவளுக்குக் கல்யாண கவுன் தைத்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பொறுக்க முடியாமல் இன்று அவளே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, "அம்மாவுக்கு அனுப்புங்க அத்தை, பாத்தாவது சிரிக்கட்டும்" என்றாள். இத்துடன் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

வின்னி

*

நியூகாசில்
2 மார்ச்

வின்னி,

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

நீ அனுப்பிய துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு மூக்கில் வைத்துப் பார்த்தேன். தேயிலை. மேடை விளக்குக்குப் பளிச்சென்ற வெள்ளை ஆகாது, கண்ணைக் கூசும் என்று கேன்டீன் சக்கையைக் காய்ச்சித் துணியை நனைக்கிறவர்கள் நம்மைப் போன்ற மேடைத் தையல்காரர்கள்தான். ஊரில் எந்தக் கல்யாணப் பெண் தன் கவுனை டிகாஷனில் போட்டு எடுக்கிறாள்? வெள்ளை கிடைக்காதா என்று தவம் கிடக்கிறார்களே!

என் மகளின் கல்யாண கவுனா அது? கம்பெனி அலமாரியை என் மகளின் உடம்பில் சுற்றி அனுப்பப் போகிறாயா?

நீ எதற்குச் செய்தாய் என்பதும் எனக்குத் தெரியும். "அத்தை தைச்சாங்க, அத்தை குடுத்தாங்க" என்று அவள் ஊரெல்லாம் சொல்ல வேண்டும். பெற்றவள் ரயிலில் அலைந்து சேர்த்த கூப்பனில் நீலக் கோட்டும் பாவாடையும் எடுத்து வைத்திருக்கிறேனே, அது அவளுக்குப் போதாது. உன் அண்ணன் ஆல்பர்ட் போரில் போனபிறகு உன் வீட்டில் இடம் கொடுத்தாய். மறக்கவில்லை. அதற்கு வாடகையாக மகளையே எடுத்துக்கொள்வாய் என்று அப்போது தெரியாது.

பதில் எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

மியூரியல்

*

கேம்டன் டவுன்
5 மார்ச்

அண்ணி,

சுற்றி வளைக்கவில்லை. அது கம்பெனித் துணி இல்லை.

டிகாஷனில் நனைத்தது உண்மை. பழைய துணி, மடிப்புக்கு மடிப்பு மஞ்சள் திட்டு விழுந்திருந்தது. வெளுத்தால் இழை விட்டுவிடும். திட்டுத் தெரியாமல் இருக்க முழுவதையும் ஒரே நிறமாக்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் பாத்திரத்தைத் தேடிப் போனது. இத்தனை வருஷமாக வெள்ளைத் துணி கையில் வந்தால் அதைத்தானே செய்கிறோம்? துணியைப் பிழிந்தபிறகுதான் பெரில் கேட்டாள், "அத்தை, நான் என்ன மேடையில அன்னப்பறவையா ஆடப் போறேன்?" என்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நீங்கள் அதையே தூக்குக் கயிறாக முறுக்குகிறீர்கள்.

எங்கிருந்து என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வாடகை என்று எழுதிய வரியை பெரில் படித்துவிட்டாள். கடிதத்தை மேஜையில் வைத்தது என் தப்பு. ஆனால் எழுதியது உங்கள் கை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே? ரிப்பன் மேஜைமேல் இருக்கும்போது அலமாரியில் என்ன வேலை? சத்தம் போடுகிறவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வின்னி

*

சண்டர்லேண்ட்
9 மார்ச்

வின்னி,

நீல ரிப்பன் மேஜையில் இருந்தது. எனக்கு வேண்டியது வெள்ளை. உனக்கு நான் கணக்கு ஒப்பிக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது பார்.

ஹார்பின் நேற்று இங்கேயே வந்துவிட்டார். நடனப் பெண்களின் உடுப்புக் கொக்கிகளைத் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் எதிரே உட்கார்ந்துகொண்டு, "நீங்களும் இல்ல, வின்னியும் இல்லன்னா, நானா எடுத்தேன்? வெள்ளிக்கிழமைக்குள்ள பாவாடை நின்னா சரி, இல்லாட்டி ரெண்டு சாவிக்காரங்களையும் ஸ்டேஷன்ல கேக்கச் சொல்றேன்" என்றார். உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உனக்காகப் பரிந்தும் பேசவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த கவுனைப் போட்டுக்கொண்டு பெரில் தேவாலயத்துக்குப் போனால் நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். பெற்றவள் இல்லாமல் கல்யாணம் நடக்கட்டும். நீதான் இருக்கிறாயே.

இதையும் அவள் படிக்கட்டும். மேஜையிலேயே வை.

மியூரியல்

*

கேம்டன் டவுன்
13 மார்ச்

அண்ணி,

விஷயம் முடிந்தது. பாவாடைகள் நிற்கின்றன. ஹார்பின் நேற்று வந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், "அப்பாடா" என்றார். எப்படி, எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை, அவருக்குப் பாவாடைதான் கணக்கு. நீங்களும் கேட்காதீர்கள். போலீஸ் வராது. யார் மேலும் வராது.

பெரில் நீங்கள் எடுத்துக்கொடுத்த நீலக் கோட்டையும் பாவாடையையும் போட்டுக்கொள்வாள். அவளே சொல்லச் சொன்னாள்: "அம்மாகிட்ட எழுதுங்க அத்தை. கவுன் இல்ல. இனி வராம இருக்க சாக்கு இல்ல." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வந்துவிடுங்கள்.

வின்னி

*

ஹல்
15 மார்ச், திங்கள்

வின்னி,

ஆக, திருப்பி வைத்துவிட்டாய். நான் சொன்னது சரியாகப் போயிற்று. கவுன் மறைந்தது, பாவாடை வந்தது. இதற்கு எதற்கு மூன்று வாரம்? இடையில் என்னைத் திருடி என்று வேறு எழுதினாய். ரிப்பன், மேஜை என்று வக்கீல் மாதிரிக் கேள்வி. மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. பெரிலின் முகத்தை நினைத்தால்

வியாழன்

திங்கட்கிழமை ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள், பாதியில் விட்டுப் போனேன். அப்போதே தபாலில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று பெரிய பிரம்புப் பெட்டியைத் திறந்தோம். நீளப் பாவாடை பாலே ஹல்லில்தான் முதல் ஆட்டம், அதனால் இதுவரை திறக்கவே இல்லை. பாவாடையெல்லாம் எடுத்தபிறகு அடியில், நசுங்காமல் இருக்க மெத்தை மாதிரிப் பரப்பி வைத்திருந்தது என்ன தெரியுமா? நம் சுருள். பிரித்து மடித்து, அழகாக.

டப்பைக் கூப்பிட்டேன். நாங்கள் புறப்பட்ட வாரம் வேலைக்குச் சேர்ந்தாரே, மூட்டை கட்டுகிறவர், ராணுவத்தில் இருந்து வந்த பெரியவர். "இது எப்படிய்யா இங்க வந்துச்சு?" என்றேன்.

"நீங்கதானேம்மா அடியில பழைய துணி எதையாச்சும் போடச் சொன்னீங்க?"

"பழசைத்தானேய்யா சொன்னேன்! இது புத்தம் புதுசு!"

"இதுவா புதுசு? டீ கொட்டுன மாதிரி அழுக்கா கெடந்துச்சு. அலமாரியத் தொறந்துபோட்டு நீங்க ரிப்பன் தேடிக்கிட்டு இருந்தீங்க. எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். ம்ம்னீங்க."

ம்ம் என்றேனாம். சொல்லியிருப்பேன், வின்னி. வாயில் நாலு ஊசி இருந்தால் எதற்கும் ம்ம்தான்.

அவரைத் திட்ட முடியவில்லை. புதுத் துணியைப் பழசு மாதிரி ஆக்கி வைத்தது நாம்தானே. பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. சுருள் இங்கே இருக்கிறது என்றால், நீ ஹார்பினிடம் காட்டிய பாவாடைகள் எதில் தைத்தவை? பெரிலின் கவுன் எங்கே போயிற்று?

சொல். சொன்னால் நம்புகிறேன். நாளைக் காலை இதை ஹார்பினிடம் எடுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். உன் பதில் வரும்வரை நிற்கிறேன்.

மியூரியல்

*

கேம்டன் டவுன்
20 மார்ச்

அண்ணி,

ஹார்பினிடம் போகாதீர்கள். முழுவதும் படியுங்கள்.

கிளிஃபர்டை உங்களுக்கு நினைவு இருக்கும். 1940இல் எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று நாள் குறித்து, அவர் கப்பல் திரும்பாமல் போனது. என் கல்யாண கவுன் எங்கே என்று ஒருமுறை கேட்டீர்கள். குண்டில் வீடு போன ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். எல்லோரும் நல்ல மனசு என்று பாராட்டினீர்கள். பொய். கொடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். சில சமயம் எடுத்துத் தொட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான். முப்பத்தொன்பது வயதுக்காரி இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். உங்களிடம் சொல்ல மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

பெரிலுக்குப் பிரித்துத் தைத்தது அதைத்தான். யுத்தத்துக்கு முந்தைய வலைத்துணி, தாராளமாக வைத்து வெட்டியது. இந்தக் காலத்துப் பாணிக்கு அவளுக்கு அப்படியே பொருந்தியது. இடுப்புச் சிக்கென்று, கீழே குடை மாதிரி. கண்ணாடி முன்னால் நின்று, "அத்தை, நான் பாரிஸ்காரி மாதிரி இருக்கேன்ல?" என்றாள். இருந்தாள்.

பிறகு ஹார்பின் கெடு வைத்தார். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே நீங்கள் எடுத்தீர்கள் என்று முடிவு செய்தேன். சத்தியமாக நம்பினேன், அண்ணி. பெண்ணின் கல்யாணச் செலவுக்கு எங்கேயோ விற்றுவிட்டு, பயத்தில் என்மேல் பாய்கிறீர்கள் என்று நினைத்தேன். கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் மகள் மோதிரம் மாற்றுகிற மாதத்தில் அவள் அம்மா போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெரிலிடம் சொன்னேன். கத்தரிக்கோலை அவளே எடுத்தாள். "அம்மா எடுத்திருக்க மாட்டாங்க அத்தை," என்றாள். "எடுத்திருந்தாலும் எங்கம்மாதானே." இரண்டு பேரும் பிரித்தோம். அடிப் பாவாடைக்குப் பழைய துணி, மேல் அடுக்குக்கு என் கவுன். ஆறு பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆடப் போகிறார்கள்.

நிறம் துளிகூட வித்தியாசமில்லை. அதைத்தான் டிகாஷனில் போட்டிருந்தேனே.

இப்போது கேளுங்கள். ஹார்பின் கணக்கு நேராகிவிட்டது. கம்பெனிக்குக் குறைந்த துணியை நான் என் பெட்டியிலிருந்து கொடுத்துவிட்டேன். அதனால் உங்கள் பெட்டியில் இருக்கும் சுருள் என்னுடையது. மாற்றுக்கு மாற்று. நீங்கள் போய் உண்மையைச் சொன்னால், பாவாடையில் இருப்பது என்ன என்று அவர் கேட்பார், தைத்ததையெல்லாம் பிரிக்கச் சொல்வார், டப்புக்கு வேலை போகும். யாருக்கு லாபம்?

கொண்டு வாருங்கள். கல்யாணம் சனிக்கிழமைதானே, வெள்ளிக்கிழமை முழுக்க இருக்கிறது. வெட்டுகிற அளவெல்லாம் என் கையில் இருக்கிறது. பெரிலுக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா என்று எனக்கே சந்தேகம்.

வின்னி

*

ஹல்
24 மார்ச், புதன்

வின்னி,

ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. உன் கடிதம் வந்த திங்கட்கிழமையே ஹார்பினுக்கு ஒரு கடிதம் எழுதினேன், உண்மை உண்மைதான், கம்பெனி பொருள் கம்பெனி பொருள்தான் என்று. தபால்பெட்டிவரை போனேன். அதன் வாயருகே கொண்டுபோய்விட்டு நின்றேன். அந்தத் தெருவில் போனவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் கிழித்துப் போட்டேன்.

நாளை மதியம் ரயில். ஆட்டத்தை உதவிக்காரி பார்த்துக்கொள்வாள், வெள்ளிக்கிழமை புனித வெள்ளி, தியேட்டர் மூடல். சுருள் காணாமல் போனதிலிருந்து மேடை வாசலில் பையை எல்லாம் திறந்து பார்க்கிறார்கள். ஹார்பின் உத்தரவு. ஆகவே பையில் கொண்டுவர முடியாது. இன்று ஒத்திகை பார்த்தேன். இடுப்பில் நாடா கட்டி, சுருளை மடித்து மடித்துச் சுற்றி, மேலே என் பழுப்புக் கோட்டு. வாசல்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மேடம், நீங்களுமா?"

"நானுமான்னா?"

"பாரிஸ் ஃபேஷன். எங்க வீட்டுக்காரியும் நச்சரிச்சுக்கிட்டே இருக்கா. உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

என் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காது மடல் எரிய எரிய வெளியே வந்தேன். தெருமுனையில் நின்று சிரித்தேன். ஆல்பர்ட் போனபிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

இந்தக் கடிதம் எனக்குச் சில மணி நேரம் முன்னால்தான் உன் கைக்கு வரும். நேரில் வந்து சொல்லலாமே என்பாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, என்னைத் தெரியாதா உனக்கு. அதனால் எழுதுகிறேன்.

நான் உன்னைச் சந்தேகப்பட்டது துணிக்காக இல்லை. துணி ஒரு சாக்கு. ராத்திரி ஒவ்வொரு ஊரிலும் படுக்கும்போது ஒன்றைத்தான் நினைப்பேன்: அவள் முதலில் யாரைக் கூப்பிடுவாள், என்னையா உன்னையா? அந்தத் துண்டு தபாலில் வந்ததும், இதோ பிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம், வின்னி. நீ திருடியாக இருந்தால் அவள் என்னிடம் வருவாள் என்று. அந்த நேரத்தில் நீ என்னைத் திருடி என்று நம்பிக்கொண்டே கிளிஃபர்டின் கவுனைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

புதுக் கவுனின் விளிம்பு முழுவதும் நான் தைக்கிறேன். உனக்கு விளிம்பு தைக்கப் பிடிக்காது.

பெரிலிடம் நீயே சொல். உன் வாயால் கேட்டால்தான் அவள் நம்புவாள், அதில் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. பரவாயில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் நிற்பேன். கட்டிக்கொள்ள வந்தால் மெதுவாகக் கட்டிக்கொள், துணி நசுங்கும்.

மியூரியல்